கோங்க்: பொன்னைக் காப்பாற்றிய கிராமம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தெற்கு பிரான்ஸில் அவேரோன் மாவட்டத்தில் கோங்க் என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஊருக்குள் குடியிருப்பவர்கள் 300 பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழைமையான ஒரு தங்கச் சிலை அந்த ஊரில் இருக்கிறது. பாரிஸ் அருங்காட்சியகம் எதுவும் அதைக் கொண்டுபோகவில்லை, எந்த அரசரும் அதை உருக்கி நாணயம் அடிக்கவில்லை. எந்த ஊரில் வைத்துக் கும்பிட்டார்களோ அந்த ஊரிலேயே இன்றும் இருக்கிறது. ஐரோப்பாவில் இப்படித் தப்பிப் பிழைத்தவை மிகக் குறைவு. எப்படித் தப்பியது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஊரின் கிடப்பைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத் தலைநகர் ரொதேஸ். அங்கிருந்து வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தூர்தூ என்று ஒரு சிற்றாறு வடக்கே ஓடி லொத் ஆற்றில் கலக்கிறது. அந்தத் தூர்தூவில் ஊஷ் என்ற ஓடை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், செங்குத்தான மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது ஊர். சமதளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வீடுகள் படிப்படியாக ஏறுகின்றன. ஒரு வீட்டின் வாசலில் நின்றால் அடுத்த வீட்டின் கூரை கண்ணுக்கு நேராக வரும்.

அந்தக் கூரைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அங்குள்ள மலை சிஸ்ட் என்ற கரும்பாறை. தட்டினால் பலகை பலகையாகப் பிரியும். சுவருக்கும் அந்தக் கல்தான். கூரைக்கு அதை மீன் செதில் வரிசையில் அடுக்குகிறார்கள், லோஸ் என்பார்கள். மழை நனைத்தால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மின்னும். கோயிலுக்கு மட்டும் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து மஞ்சள் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அதனால் சாம்பல் நிற ஊருக்கு நடுவே தேவாலயம் மட்டும் தேன் நிறத்தில் எழுந்து நிற்கிறது.

விளைச்சல் பெரிதாக இல்லாத மண். சரிவுகளில் அடுக்கு வெட்டிக் கொடிமுந்திரி வளர்த்தார்கள். ஏழைகளின் சாப்பாடு பல நூற்றாண்டுகளாக செஸ்ட்நட் கொட்டைதான். அதைப் புகைபோட்டு உலர்த்த மலையில் சின்னச் சின்னக் கல் குடிசைகள் கட்டிவைத்திருந்தார்கள். இந்தக் குடிசைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்படிப்பட்ட ஒதுக்குப்புறத்தைத் தேடி வருபவர் துறவியாகத்தானே இருக்க முடியும்? 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாதோன் என்ற துறவி இங்கே வந்து தங்கினார். அவரைச் சுற்றி ஒரு மடம் உருவானது. பேரரசர் சார்லமேனின் மகன் லூயி மன்னர் 819இல் அந்த மடத்துக்குச் சாசனம் கொடுத்தார். நிலம் கிடைத்தது, மன்னரின் ஆதரவும் கிடைத்தது. ஆனால் மக்களை இழுக்க அந்தக் காலத்தில் ஒரு மடத்துக்கு அவசியமாக இருந்தது ஒரு புனிதரின் திருப்பண்டம், அதாவது உடலின் எலும்பு. கோங்க்கிடம் அது இல்லை.

அதைத் திருடினார்கள். மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மடத்தின் பழைய ஏடுகளே அதை மறைக்கவில்லை. தென்மேற்கே அஜேன் என்ற நகரத்தில் ஃபுவா என்ற சிறுமியின் கல்லறை இருந்தது. ரோமப் பேரரசர்கள் கிறிஸ்தவர்களைக் கொன்ற காலத்தில், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய 12 வயதில் உயிர்கொடுத்த வேதசாட்சி அவள். கோங்க் துறவி ஒருவர் அஜேன் மடத்தில் போய்ச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் நல்ல பெயர் எடுத்து, கல்லறைக்குக் காவலாளியாகவே ஆகி, ஒருநாள் இரவில் கல்லறையைத் திறந்து எலும்புகளை எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார் என்பது கதை. 866ஆம் ஆண்டையொட்டி இது நடந்தது. கோங்க்காரர்கள் இதைத் திருட்டு என்று எண்ணவில்லை. வர விருப்பமில்லாவிட்டால் புனிதை வந்திருப்பாளா என்று கேட்டார்கள்.

அதன் பிறகு எல்லாம் மாறிப்போனது. அந்தச் சிறுமிக்காகத்தான் நான் தொடக்கத்தில் சொன்ன தங்கச் சிலையைச் செய்தார்கள். உயரம் 85 சென்டிமீட்டர். மரத்தில் குடைந்த உடல், மேலே தங்கத் தகடு, அதன் மேல் பக்தர்கள் காணிக்கையாகப் பதித்த மணிகள், பழைய ரோமானியச் செதுக்கு மணிகள். சிம்மாசனத்தில் அமர்ந்து, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, அகன்ற கண்களால் நேராகப் பார்க்கிறாள். முகம் மட்டும் உடலைவிடப் பழையது. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் தங்கத்தில் செய்த ஒரு ஆண்முகம் அது, பேரரசர் ஒருவருடையதாக இருக்கலாம் என்கிறார்கள். பேரரசின் ஆணையால் கொல்லப்பட்ட சிறுமிக்குப் பேரரசரின் முகமா! எனக்கு அது என்றும் வியப்புதான்.

1013இல் ஆன்ஜெர் நகரத்திலிருந்து பெர்னார் என்ற ஆசிரியர் வந்தார். படித்தவர், வடக்கத்தியர். வழியில் இப்படிப்பட்ட சிலைகளைப் பார்த்ததுமே இது பழைய ரோமானியத் தெய்வங்களான ஜூப்பிடர், மார்ஸ் சிலைக்குப் பூசை செய்வது போல அல்லவா இருக்கிறது என்று கூட வந்தவரிடம் முணுமுணுத்தார். கோங்க் வந்து, கூட்டத்தையும் கண்ணீரையும் பார்த்த பிறகு மனம் மாறினார். ஃபுவாவின் அற்புதங்களை அவரே எழுதிவைத்தார். அந்த ஏட்டில் வரும் ஃபுவா ஒரு குறும்புக்காரச் சிறுமி. பெண்களின் கனவில் வந்து மோதிரத்தைக் கொடு, வளையைக் கொடு என்று கேட்பாள், கொடுக்காவிட்டால் விடமாட்டாள். துலூஸ் சீமாட்டி ஒருவரிடம் தங்கக் காப்பைக் கேட்டு, பதிலுக்குப் பிள்ளை வரம் கொடுத்தாளாம். சிறைப்பட்டவர்களை விடுவிப்பதில் அவளுக்குத் தனிப் பெயர். விடுதலையானவர்கள் தங்கள் விலங்கையும் சங்கிலியையும் காணிக்கையாகக் கொண்டுவந்து போட்டார்கள். பீடத்தைச் சுற்றி இன்று நிற்கும் இரும்புக் கம்பித் தடுப்புகள் அந்தச் சங்கிலிகளை உருக்கிச் செய்தவை என்பது ஊரார் சொல்வது.

கூட்டம் பெருகியதும் பழைய கோயில் போதவில்லை. ஒதோல்ரிக் என்ற மடாதிபதி 11ஆம் நூற்றாண்டின் நடுவில் புதிய தேவாலயத்தைத் தொடங்கினார். வேலை 12ஆம் நூற்றாண்டு வரை இழுத்தது. சரிவில் இடமில்லை, அதனால் நீளத்தில் தாராளம் காட்ட முடியவில்லை. உயரத்தில் காட்டினார்கள்: உள்ளே நின்று அண்ணாந்தால் 22 மீட்டர். நம் கோயில்களில் கருவறையை வலம் வருகிற மாதிரி, பீடத்துக்குப் பின்னால் மக்கள் சுற்றிவர ஒரு பாதை. லெ புயி நகரத்திலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போகும் திருப்பயணிகளுக்கு கோங்க் தவிர்க்க முடியாத நிறுத்தம் ஆயிற்று.

இனி மேற்கு வாசலுக்கு வாருங்கள். கதவுக்கு மேலே அரைவட்டத்தில் கடைசித் தீர்ப்பு, அதாவது உலக முடிவில் நல்லவர்களைச் சொர்க்கத்துக்கும் கெட்டவர்களை நரகத்துக்கும் கிறிஸ்து பிரித்தனுப்பும் காட்சி, செதுக்கப்பட்டிருக்கிறது. 124 உருவங்கள். எழுத்துத் தெரியாத விவசாயிக்கும் புரிய வேண்டும் என்று செதுக்கியது. நடுவில் கிறிஸ்து, வலக்கை மேலே, இடக்கை கீழே. அவருக்குக் கீழே தராசு. ஒரு பக்கம் வானதூதர் மிக்கேல், எதிரில் பேய். இருவரும் முகத்தோடு முகம் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பேய் தன் பக்கத் தட்டை விரலால் அழுத்தப் பார்க்கிறது! சந்தையில் எடை போடுபவனைப் பார்த்துப் பழகியவன்தான் இதைச் செதுக்கியிருக்க முடியும்.

நரகத்தின் பக்கம்தான் சிற்பி கைநிறைய வேலை செய்திருக்கிறான். குதிரையோடு தலைகீழாக விழும் வீரன். பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கில் கிடக்கும் கஞ்சன். கள்ள நாணயம் அடித்தவன், தன் கருவிகளோடு. வலையில் சிக்கிய மதத் தலைவர், கையில் செங்கோலோடு! வேட்டைக்காரனைக் கம்பியில் குத்தி முயல் வாட்டுகிறது. மடத்துக்குத் தொல்லை கொடுத்த உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவரும் இந்த வாசலில் தங்களை அடையாளம் கண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சொர்க்கத்தின் பக்கம் எனக்குப் பிடித்த மூலை ஒன்று இருக்கிறது. ஃபுவா தரையில் விழுந்து வேண்டுகிறாள். மேகத்திலிருந்து கடவுளின் கை மட்டும் நீண்டு அவளை நோக்கி வருகிறது. அவளுக்குப் பின்னால் வளைவுகளில் கைதிகளின் விலங்குகள் தொங்குகின்றன. பூசிய நீலமும் சிவப்பும் இன்றும் அங்கங்கே தங்கியிருக்கின்றன. வெளி வளைவின் ஓரத்தில் பாருங்கள், திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்ப்பது போலச் சின்னச் சின்ன முகங்கள்.

12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மடம் மெல்லத் தேய்ந்தது. 1568இல் மதப் போரில் புராட்டஸ்டன்ட் படை வந்து தீ வைத்தது. ஃபுவாவின் எலும்புகளை அதற்கு முன்பே யாரோ மறைத்துவிட்டார்கள். எங்கே என்பது ஊருக்கே மறந்துபோனது.

அடுத்த சோதனை பிரெஞ்சுப் புரட்சி. கோயில் நகைகளைப் பறிமுதல் செய்து உருக்க அரசு ஆணையிட்ட காலம். நாடு முழுவதும் பல நூற்றாண்டுப் பொன்வேலைகள் அப்போதுதான் உலையில் போயின. கோங்க்கில் என்ன நடந்தது என்பதை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். அதிகாரிகள் வருவதற்குள் ஓர் இரவில் மக்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் புதைத்தார்கள். நான் சொன்னேனே, அந்த செஸ்ட்நட் உலர்த்தும் குடிசைகளில் ஒளித்தார்கள். வந்தவர்களிடம் கொள்ளை போய்விட்டது என்றார்கள். அமைதி திரும்பியதும் அவரவர் வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொட்டையை உலர்த்திச் சாப்பிட்டு வாழ்ந்த ஏழை ஜனம், கையில் தங்கம். அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

சரி, இதே மக்கள்தான் இன்னொன்றையும் செய்தார்கள். தேவாலயத்துக்குத் தெற்கே, பெகோன் என்ற மடாதிபதி 1100ஐ ஒட்டிக் கட்டிய தூண் வரிசை சூழ்ந்த முற்றம் இருந்தது. துறவிகள் போன பிறகு அது இடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடு கட்ட அதன் கல்லை அள்ளிக்கொண்டு போனார்கள். இன்று மிஞ்சியவை சில வளைவுகளும், தூண் தலையில் வைக்கும் போதிகைகள் சிதறிக் கிடப்பவையும்தான். மிஞ்சியதில் ஒரு போதிகையில் கொத்தனார்கள் மதிலுக்குப் பின்னால் கையில் கருவியோடு நிற்கிறார்கள். அந்த முற்றத்தைக் கட்டியவர்களின் முகம் தப்பிவிட்டது, அவர்கள் கட்டியது தப்பவில்லை.

பொன்னைக் காத்தவர்கள் கல்லை ஏன் விட்டார்கள்? என் கருத்தைச் சொல்கிறேன். ஃபுவா எல்லோருக்கும் சொந்தம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவளிடம்தான் ஓடினார்கள். உள்முற்றம் துறவிகளுக்கு மட்டும். ஊரார் அதற்குள் கால் வைத்ததில்லை. தங்களுடையது என்று என்றுமே தோன்றாத ஒன்றைக் காக்க யாருக்குக் கை வரும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த முற்றம் போனது பெரிய இழப்பு.

1837இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளர் ப்ரோஸ்பேர் மெரிமே இங்கே வந்தார். இப்படியொரு வனாந்தரத்தில் இவ்வளவு செல்வத்தைப் பார்ப்பேன் என்று எதிர்பார்க்கவே இல்லை என்று எழுதினார். தேவாலயம் விழும் நிலையில் இருந்தது. அவர் அரசிடம் வாதாடியதால்தான் பழுதுபார்ப்பு தொடங்கியது. 1873இல் ப்ரெமோந்த்ரே சபைத் துறவிகள் வந்து மடத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, பீடத்துக்குப் பின்னால் சுவரை உடைத்தபோது உள்ளே ஒரு பேழை. ஃபுவாவின் எலும்புகள்!

இதோடு முடிந்திருந்தால் கோங்க் பழம்பெருமை பேசும் ஊராக நின்றிருக்கும். 1919இல் ரொதேஸில் பிறந்த பியேர் சூலாஜ், கறுப்பு வண்ணத்தால் உலகப் புகழ் பெற்ற ஓவியர். பள்ளிப் பையனாக இந்தத் தேவாலயத்துக்கு வந்தபோதுதான் கலையே என் வாழ்க்கை என்று முடிவு செய்தேன் என்று அவர் சொல்வார். 1980களில் அரசு அவரிடம் இந்தத் தேவாலயத்தின் ஜன்னல்களை ஒப்படைத்தது. மொத்தம் 104. அவர் வண்ணம் எதுவும் வேண்டாம் என்றார். ஒளி ஊடுருவ வேண்டும், வெளியே இருப்பது தெரியக் கூடாது, அப்படி ஒரு கண்ணாடி வேண்டும். கடையில் கிடைக்கவில்லை. கண்ணாடிக் குருணைகளை உருக்கிச் சேர்த்து, சோதித்துச் சோதித்து அவரே உருவாக்க வைத்தார். அதன் மேல் வளைந்து சாயும் ஈயக் கோடுகள், அவ்வளவுதான்.

ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. படம் போட்ட வண்ண ஜன்னல்களை எடுத்துவிட்டு இதென்ன வெறும் கண்ணாடி என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். முற்றத்தின் கல்லை அள்ளியபோது வராத கோபம் அது. 1994இல் ஜன்னல்கள் திறந்துவைக்கப்பட்டன. காலையில் ஒரு பக்கம் நீலம் கலந்த வெளிச்சம், மாலையில் இன்னொரு பக்கம் செம்மஞ்சள். வண்ணம் பூசாத கண்ணாடியில் வண்ணம் வந்து போகிறது. இன்று அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். சூலாஜ் 2022இல் 102 வயதில் காலமானார்.

1998இல் சந்தியாகோ பாதைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது இந்தத் தேவாலயமும் தூர்தூ ஆற்றுப் பாலமும் அதில் சேர்ந்தன. பட்டியலில் ஏறினாலும் ஊரில் ஜனம் குறைந்தது குறைந்ததுதான். 2016 ஜனவரி 1 முதல் பக்கத்து மூன்று ஊராட்சிகளோடு சேர்ந்து கோங்க்-அன்-ரூவேர்க் என்ற ஒரே ஊராட்சியாகிவிட்டது. கோடையில் தெரு கொள்ளாத கூட்டம், குளிர்காலத்தில் பல வீட்டு ஜன்னல்கள் மூடியே கிடக்கும். பள்ளிக்கூடமும் கடையும் மருத்துவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் இளம் குடும்பங்கள் தங்கும். சுற்றுலா மட்டும் அதைத் தராது. அந்தக் கவலை அங்கே உண்மையான கவலை.

பிரான்ஸ் போகிற நேயர்கள் யாராவது இருந்தால், ரொதேஸ் வரை ரயிலில் போய் அங்கிருந்து சாலை வழியே கோங்க் போகலாம். ஒரு ராத்திரி தங்குங்கள். அந்த வாசல் மேற்கு பார்த்தது, சாயங்கால வெயில்தான் சிற்பங்களுக்கு ஏற்றது. இரவுப் பிரார்த்தனைக்குப் பிறகு, துறவிகளில் ஒருவர் வாசலில் நின்று அந்த 124 உருவங்களையும் கூட்டத்துக்கு விளக்கிச் சொல்வது அங்கே வழக்கம். தங்கச் சிலை தேவாலயத்துக்குள் இருக்காது, முற்றத்துப் பக்கம் உள்ள கருவூலத்தில் தனியே சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.