காய்க்கிற கொடிக்கு ஏன் கத்தி?

காய்க்காத கொடியை வெட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். ஆனால் நன்றாகக் காய்க்கிற கொடிக்கும் கத்தி உண்டு என்கிறார் இயேசு. யோவான் 15, இரண்டாம் வசனம். ஏன்? வீடியோவைக் கடைசிவரை பாருங்கள்.

பின்னணி சுருக்கம்தான்: சிலுவைக்கு முந்தின இரவு, சீஷர்களிடம் பேசியது. தாம் திராட்சச்செடி, பிதா தோட்டக்காரர், நாம் கொடிகள்.

கொழும்பில் இருக்கிற நமக்குத் திராட்சையைவிடத் தேயிலை பக்கம். மலையகத்தில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்று தெரியும். தேயிலையைச் சும்மா விட்டால் மரமாக வளர்ந்துவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள், அதுதான் கவ்வாத்து.

[திரையில்: கவ்வாத்து முடிந்த மலை]

பாருங்கள், வெறும் குச்சி. இனி என்ன முளைக்கும் என்று தோன்றும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. வெட்டுவதற்கு முன் வேரைச் சோதிப்பார்கள்! வேர்த் துண்டில் அயோடின் பட்டதும் கருநீலமானால், உள்ளே மாச்சத்து இருக்கிறது. இலை போன பிறகு செடி பிழைப்பது அந்தச் சேமிப்பில்தான். நிறம் மாறாவிட்டால் கத்தி வைக்கக் கூடாது, செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். சில இடங்களில் இலையோடு ஓரிரு கிளைகளை வெட்டாமலும் விடுவார்கள், புதுத் தளிர் வரும்வரை செடி உயிர் பிடித்திருக்க.

இப்போது யோவான் 16:12 வாசியுங்கள். அதே இரவு. சொல்ல இன்னும் அநேகம் உண்டு, ஆனால் இப்பொழுது தாங்கமாட்டீர்கள் என்கிறார் இயேசு. வேரைப் பார்த்துத்தான் பேசுகிறார். இந்த வசனம் என்னை உருக்கிவிடும்.

சரி, கத்தி எது? யோவான் 15, மூன்றாம் வசனத்தில் இருக்கிறது: நான் சொன்ன உபதேசத்தினாலே சுத்தமாயிருக்கிறீர்கள். இரண்டாம் வசனத்தில் கொடியை வெட்டுவதையும் ‘சுத்தம்பண்ணுகிறார்’ என்றுதான் சொல்கிறது. கத்தி வசனம்தான். ஆகவே யாருக்காவது நோயோ சாவோ வந்தால் ‘கர்த்தர் கத்தரிக்கிறார்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதல் மனிதர் செய்த கொலை. அங்கே உறவைப் பறிகொடுத்தவரிடம் போய் அப்படிச் சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை.

வசனம் வெட்டுவது வேறு. ஊழியம் செழிக்கும்போதே கூடத் தழைக்கிற பெருமை, அடுத்த சபை வளர்ந்தால் வருகிற பொறாமை, சாட்சி சொல்லும்போது நம் பெயரை உயர்த்துகிற ஆசை. திராட்சையிலும் இலை அடர்ந்தால் குலைக்கு வெயில் படாது. காய்க்கிற கொடியில்தான் இந்த ஆபத்து. கனி என்பதும் கூட்டத்தின் தொகை அல்ல. கலாத்தியர் 5:22-ஐத் திறந்தால் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று பட்டியலே இருக்கிறது.

உங்கள் வீட்டில் கவ்வாத்து வெட்டிய அப்பா, மாமா யாராவது இருந்தால், எந்தச் செடியை வெட்டாமல் விடுவார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசிப்பேன். அடுத்த வீடியோவில் நான்காம் வசனம், ‘என்னில் நிலைத்திருங்கள்’.