வாளிக்குள் ஒரு கடல்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன்.

கடலூரில் பலரும் என்னைக் கேட்பார்கள்: "கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, எதற்குக் காசு கொடுத்து உப்பு வாங்கிக் கலக்க வேண்டும்?" கெடிலமும் பெண்ணையாறும் நம் கரையில்தான் கடலோடு சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் இறங்கினால் கரையோரத் தண்ணீரின் உப்பு சட்டென்று குறைந்துவிடும். துறைமுகத்துப் பக்கம் படகு டீசலும் மிதக்கும். அதை நம்பித் தொட்டியை நிரப்ப எனக்கு மனம் வராது.

சரி, மரக்காணத்துக் கல்லுப்பு? அதுவும் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் சேர்ந்த பொருள்கள் முதலில் படிந்துவிடும். பிறகுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு விளையும். மெக்னீசியத்தில் பெரும்பகுதி கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். சமையலுக்கு அது நல்ல உப்பு, தொட்டியில் வளரும் பவளத்துக்குப் பட்டினி. அதனால்தான் எல்லாம் சேர்த்துத் தயாரித்த தொட்டி உப்பு வாங்குகிறோம்.

அதைக் கலக்குவதிலும் ஒரு முறை உண்டு. ஆரம்ப நாளில் நான் வாளியில் உப்பைக் கொட்டி, அதன்மேல் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. மறுநாள் தெளிந்தது, ஆனால் வாளியின் அடியில் விரலில் ஒட்டும் வெள்ளை மாவு. வெந்நீர் ஹீட்டர் கம்பியில் படிகிறதே, கால்சியம் கார்பனேட், அதேதான். தண்ணீர் கொஞ்சமாகவும் உப்பு மிகுதியாகவும் இருந்த அந்தச் சில நிமிடங்களில் கால்சியமும் கார்பனேட்டும் கைகோத்துக் கீழே இறங்கிவிட்டன. படிந்தது லேசில் திரும்பக் கரையாது. சோதித்தால் கால்சியம், காரத்தன்மை (கார்பனேட் சத்தின் அளவு) இரண்டுமே குறைவாகக் காட்டும்.

ஆகவே முதலில் தண்ணீர், அப்புறம் உப்பு. உள்ளே சின்ன மோட்டார் ஓட, பிடி பிடியாகத் தூவுங்கள். சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் ஊற்ற வேண்டாம்; சூட்டில் அந்தப் படிவு இன்னும் வேகமாக விழும். நம் ஊர் போர் தண்ணீரிலும் கலக்காதீர்கள், அதில் என்னென்ன கரைந்திருக்கிறதோ அதெல்லாம் கணக்கைக் கெடுக்கும். ஆர்.ஓ. தண்ணீரே சரி. 20 லிட்டருக்கு ஏறத்தாழ 700 முதல் 800 கிராம் உப்பு பிடிக்கும். ஒரு இரவு மோட்டார் ஓடட்டும்.

காலையில், உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பாருங்கள்: உப்பு லிட்டருக்கு 35 கிராம், ஒப்படர்த்தி, அதாவது நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.025 பக்கம். கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல், மெக்னீசியம் 1,300 அளவில், பி.எச். 8.1 முதல் 8.3. மெக்னீசியத்தைப் பலர் சோதிப்பதே இல்லை, அது எனக்கு வருத்தம். கால்சியமும் கார்பனேட்டும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் நின்று தடுப்பது அதுதான். அது குறைந்தால், மற்ற இரண்டையும் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. கால்சியத்தைக் கூட்டக் கால்சியம் குளோரைடும், காரத்தன்மையைக் கூட்டச் சமையல் சோடாவும் சேர்க்க வேண்டி வந்தால் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று நன்றாகக் கலந்த பிறகு அடுத்தது.

தொட்டியில் மட்டம் இறங்கினால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் அந்தக் கோடு வரை வெறும் ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள். வணக்கம்.