சூரை மீனும் தாழம்பாயும்

வணக்கம் நேயர்களே.

சமோவா மொழியில் ‘ஃபாலவேலவே’ என்று ஒரு சொல் உண்டு. கல்யாணம், சாவு, தேவாலயத் திறப்பு, குடும்பத் தலைவருக்குப் பட்டம் சூட்டுவது என்று சொந்தபந்தம் மொத்தமும் கைகொடுக்க வேண்டிய காரியம் எதுவானாலும் அதற்கு இதுதான் பெயர். தென் பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட தீவுப்பகுதியான அமெரிக்க சமோவாவின் பொருளாதாரம் பற்றிப் பேச அழைத்தார்கள். இந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே சம்பாதிக்கும் டாலர் பல நேரம் போய்ச் சேருமிடம் இதுதான்.

காரியம் என்றால் பணம் வரும், மீன் டப்பாக்கள் பெட்டி பெட்டியாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாழை ஓலையைத் துணிபோல் மெல்லிதாகக் கிழித்துப் பின்னிய பாய் வரும். ‘இயே தோங்கா’ என்பார்கள். ஒரு பாய் முடிய மாதக்கணக்காகும். யாரும் அதை விரித்துப் படுப்பதில்லை. அது கைமாறிக்கொண்டே இருக்கும் மதிப்பு. இன்று வாங்கிய குடும்பம் நாளை திருப்பிச் செய்தாக வேண்டும். சம்பளம் கையில் தங்குவதில்லை என்று இளைஞர்கள் அலுத்துக்கொள்வதும் உண்டு. நியாயமான அலுப்புதான்.

சரி, அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அரசு வேலையை விட்டால் சூரை மீன் ஆலைதான். தலைநகரை எழுத்தில் பாகோ பாகோ என்கிறோம். ஊர்க்காரர் வாயில் அது பாங்கோ பாங்கோ. அந்தத் துறைமுகத்தில் 1950-களிலிருந்து மீன் டப்பாவில் அடைக்கிறார்கள். அங்கே அடைத்த மீன் சுங்கவரி இல்லாமல் அமெரிக்கச் சந்தைக்குள் போகலாம். அயல்நாட்டுப் படகுகளும் நேராக வந்து மீன் இறக்கலாம். இந்த இரண்டு சலுகைகளின் மேல்தான் ஊரே நின்றது.

2007-இல் ஆலைக் கூலி மணிக்கு 3.26 டாலர். ஆண்டுக்கு 50 சென்ட் உயர்த்த வாஷிங்டன் சட்டம் போட்டது. 2009-இல் இரண்டு பெரிய ஆலைகளில் ஒன்று கதவடைத்தது; சுமார் 2,000 பேருக்கு வேலை போனது. கூலி உயர்வுதான் காரணம் என்று ஒரு சாரார். தாய்லாந்தின் மலிவுக் கூலியோடு எவ்வளவு நாள் போட்டிபோட முடியும் என்று இன்னொரு சாரார். எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அந்த செப்டம்பர் 29-ஆம் தேதி காலையில் ஆழிப்பேரலையும் அடித்தது. 34 பேர் இறந்தார்கள்.

நிலத்தை வாங்கி விற்க முடியாத ஊரில் தொழில் வளராது என்று நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அமெரிக்க சமோவாவில் சுமார் 90 சதவீத நிலம் குடும்பப் பொதுச்சொத்து. ‘மத்தாய்’ என்னும் குடும்பத் தலைவரின் பொறுப்பில் இருக்கிறது. தனியாள் அதை அடகு வைக்க முடியாது. அதனால் வங்கிக் கடன் கிடைப்பது பெரும்பாடு. ஆனால் 2009-ஐப் படித்த பிறகு அந்தப் பாடத்தை அப்படியே சொல்ல மனம் வரவில்லை. வேலை போனவருக்குக் குடும்ப நிலத்தில் கூரை இருந்தது. சேப்பங்கிழங்கும் வாழையும் பயிரிட இடம் இருந்தது. கடனுக்கு நிலம் ஈடாகப் போயிருந்தால் அன்று எத்தனை பேர் தெருவுக்கு வந்திருப்பார்கள்?

கடனுக்கும் அவர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மத்தாய் கையெழுத்திட்டால், வீட்டை நிலத்திலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாகப் பதியலாம். சுவரும் கூரையும் வங்கிக்கு ஈடு. அடியில் உள்ள மண் குடும்பத்துக்கு.

நன்றி, வணக்கம்.