சுவர் இருந்தால்தான் சித்திரம்: கில்னியாஸ் நாடும் நம் பாலாறும்

(வேலூரில் வாசகர் வட்டக் கோடைக்காலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, வெயிலையும் பாராமல் காட்பாடியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வாசகர் வட்டத்தின் மூத்த தலைவர் ஐயா அவர்களே, நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் எனக்குத் தலைமையாசிரியராக இருந்து, இன்று என் பேச்சைக் கேட்பதற்கென்றே வந்திருக்கும் பெருமகனார் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, நாற்காலிகளும் மோரும் தந்து உதவிய அன்பர்களே, எல்லாரையும்விட முக்கியமாக, விடுமுறையில் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்காமல் இங்கே வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைமையாசிரியர் ஐயா அவர்கள் இருக்கும் மேடையில் நின்றுகொண்டு பேச எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் அனுமதியோடு தொடங்குகிறேன்.

போரில் பாழான தாயகத்தில் மீண்டும் குடியேறுவதைப் பற்றி, ஒரு கணினி விளையாட்டை வைத்துப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவளுக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாடுகளுக்கு வரைபடம் உண்டு என்றால் அங்கே புவியியலும் உண்டு. மண், மக்கள், மன்னிப்பு என்று மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

என் தம்பி மகள் ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் அசெரோத் என்றோர் உலகம் இருக்கிறது. அதில் கில்னியாஸ் ஒரு தீபகற்ப நாடு. அதன் மன்னன் கென் கிரேமேன், ஒரு பெரும்போர் முடிந்தபின், இனி வெளியுலகத்தோடு எந்த ஒட்டும் உறவும் வேண்டாம் என்று தன் நாட்டின் எல்லையில் மாபெரும் மதிலை எழுப்பினான். தன் சொந்தக் குடிமக்களின் சில ஊர்கள்கூட அந்த மதிலுக்கு வெளியே விடுபட்டுப்போயின. அதனாலேயே உள்நாட்டுக் கலகமும் மூண்டது. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கேட்டகிளிசம் என்ற கூடுதல் கதைத்தொகுதியில் அந்த மதில் உடைகிறது. ஓநாய் மனிதர்களாக மாற்றும் சாபம் ஏற்கெனவே மக்களைப் பிடித்திருக்கிறது. இந்த நிலையில் சில்வானஸ் என்னும் தலைவியின் படை உள்ளே நுழைகிறது. மன்னனைக் குறிவைத்து அவள் எய்த நஞ்சு தோய்ந்த அம்பை இளவரசன் லியாம் குறுக்கே பாய்ந்து தன் மார்பில் ஏந்தி உயிர்விடுகிறான். எஞ்சியவர்கள் கப்பலேறி, டெல்ட்ராசில் என்ற பெருமரத்தின்மேல் அமைந்த வேற்று இனத்தாரின் நகரில் அடைக்கலம் புகுகிறார்கள். 2018இல் வந்த கதையில் அந்த மரமும் எரிக்கப்படுகிறது. அடைக்கலம் கொடுத்தவர்களும் அடைக்கலம் தேடுபவர்களாக ஆனார்கள்.

2024ஆம் ஆண்டு ஜனவரியில்தான் கில்னியாஸ் மக்கள் தங்கள் நாட்டை மீட்கும் கதை விளையாட்டில் சேர்க்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள்! ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது அந்த நாட்டைப் பிறர் இழக்கக் கண்ட குழந்தைகள், கல்லூரி முடித்தபின் அதை மீட்டார்கள். நகரில் புகுந்து உட்கார்ந்திருந்த ஸ்கார்லெட் குருசேட் என்ற வெறியர் கூட்டத்தை விரட்டி, கொடி ஏற்றி, மன்னன் தன் மகள் டெஸ்ஸிடம் முடியை ஒப்படைக்கிறான். முடிசூடும் காட்சியில் தம்பி மகள் கண்கலங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன். ஆனால் ஓரிரு மணி நேரத்தில் அந்தக் கதை முடிந்துவிட்டது. "கிணற்றை யாராவது இறைத்துப் பார்த்தார்களா, கண்ணு?" என்று கேட்டேன். "அதெல்லாம் கதையில் இல்லை, அத்தை" என்றாள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் நம் பெரியவர்கள். கொடியும் முடியும் சித்திரம். மண்ணும் தண்ணீரும் சுவர். கென் கிரேமேன் கட்டிய கல்மதிலைச் சுவர் என்று நினைத்ததுதான் கில்னியாஸின் முதல் பிழை என்பது என் கருத்து.

அதே விளையாட்டில் இதைச் சரியாகச் சொன்ன கதை வேறொன்று இருக்கிறது. லார்டரான் என்ற வீழ்ந்த அரசின் தலைநகர் முற்றுகைக்கு உள்ளானபோது, அதைத் தன் கையில் வைத்திருந்த அதே சில்வானஸ், பகைவருக்குக் கிடைக்கக் கூடாது என்று தன் நகரிலேயே கொடிய நச்சுப்புகையைக் கட்டவிழ்த்துவிட்டாள். ஊர் இருந்தது, மாளிகை இருந்தது, குடியிருக்க வழியில்லை. 2022இல் வந்த கதையில் அந்நகர மக்கள், அதாவது ஃபர்சேகன் எனப்படும் கைவிடப்பட்டோர், திரும்பி வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கையில் எடுத்த பெரிய வேலை அந்த நஞ்சை அகற்றுவது. அதற்கு யாரை அழைத்தார்கள்? அந்த நஞ்சின் சூத்திரம் அறிந்த தங்கள் சொந்த மருந்துக்கலவைக்காரர்களை. காய்ச்சத் தெரிந்த கைக்கே கழுவும் பொறுப்பைக் கொடுத்தார்கள். இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் என்பதைச் சொல்ல, எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றை நீங்கள் பொறுமையோடு கேட்க வேண்டும்.

எங்கள் பூர்வீகம் பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். ஆறு காய்ந்து கிடந்தாலும் மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும் ஊர் அது. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு வாய்க்காலில் வரத் தொடங்கிய பிறகு, முதலில் நெல் போயிற்று, பிறகு வாழை போயிற்று, கடைசியில் இளநீரே கரித்தது. கெட்டும் பட்டணம் சேர் என்று ஒவ்வொரு குடும்பமாகப் புறப்பட்டோம். என் சித்தப்பா மட்டும், சாகும்போது சொந்த ஊரில் சாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்றதும், கிடைத்த பணத்தையெல்லாம் போட்டு அதே மனையில் வீடு கட்டினார். தேக்கு நிலை, வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, முகப்புச் சுவரில் ஓவியரை வைத்துத் தீட்டிய கஜலட்சுமி. புதுமனை புகுவிழாவுக்கு ஆம்பூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் உறவுகள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஐயர் ஓமம் வளர்த்து முடித்தார். பால் காய்ச்சும் நேரம். சித்தி புதுப் பித்தளைப் பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டி, பாலை ஊற்றினார். சித்தப்பா, "நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு அதில் சேரட்டும், அப்பா இறைத்த கிணறு" என்று சொல்லித் தம் கையாலேயே ஊற்றினார். எல்லாரும் பாத்திரத்தைச் சுற்றி நின்றோம். பொங்கும்போது "பாலோ பால்" என்று கூவுவதற்குப் பிள்ளைகள் வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். பால் பொங்கவில்லை. ஓரம் கட்டிற்று, நடுவில் நீர் பிரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரம் முழுவதும் திரிதிரியாகத் திரிந்துபோயிற்று. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். வேனில் வந்த கிழவிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போய்க் கவிழ்த்துவிட்டு, பையனைக் கடைக்கு அனுப்பிக் கேன் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி, இரண்டாம் முறை காய்ச்சினார். அந்தப் பால் பொங்கிற்று. ஆனால் கூவுவதற்கு யாருக்கும் குரல் எழவில்லை. மூன்று மாதம் அந்த வீட்டில் இருந்தார்கள். குளித்த குடத்தில் வெள்ளை உப்பு படிந்தது, உடம்பில் அரிப்பு வந்தது. பூட்டிவிட்டுச் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டுக்கே திரும்பினார் சித்தப்பா. அங்கேயேதான் கண்மூடினார். முகப்பில் கஜலட்சுமி இன்றும் இருக்கிறாள். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அந்த உப்பில் பெரும்பகுதி முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அதன்பின் பதனிட குரோமிய உப்பு. இந்தக் கழிவை நிலத்திலும் ஆற்றிலும் விட்டதன் விளைவை, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் எழுத்தில் பதிவு செய்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. நம் வேலூரிலேயே இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வை எடுத்துக்காட்டி, தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்புகளில் அது தலையாயது. பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு தருவதோடு நிற்காமல், கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவர்களுடையதே என்று அது தெளிவாகச் சொன்னது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயரை இந்த வழக்கால்தான் படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது என்றால், முதல் தீர்ப்பு ஆற்றங்கரைக்கு முழுமையாக வந்து சேரவில்லை என்றுதானே பொருள்? ராணிப்பேட்டையில் பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேடு மட்டும் ஏறத்தாழ 1.5 லட்சம் டன். மழை பெய்தால் அதன் மஞ்சள் நிறம் நிலத்தில் இறங்குகிறது.

வடஆர்க்காடு என்ற நம் பழைய மாவட்டம் 1989இல் பிரிந்தது, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மீண்டும் பிரிந்தது. எல்லைக்கோடு எத்தனை முறை மாறினாலும் பாலாறு ஒன்றுதான். நாடிழந்தவர்களை இந்த ஆறு அறியும். 1816இல் இங்கே கைதியாகக் கொண்டுவரப்பட்ட கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தன் மண்ணைத் திரும்பக் காணாமலே 1832 ஜனவரி 30 அன்று இறந்து, இதன் கரையில் முத்துமண்டபத்தில் உறங்குகிறான். திரும்பி வந்ததற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. கோட்டைக்குள் பல தலைமுறைகள் பூசையின்றி இருட்டிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் லிங்கம் திரும்ப வந்து வழிபாடு தொடங்கியது. ஊர்மக்கள் கேட்டு நின்றதால் நடந்தது அது.

மக்களைப் பற்றிய இரண்டாவது செய்திக்கு நேரம் இல்லை என்று நூலகர் அம்மையார் கடிகாரத்தைக் காட்டுகிறார்; வேறொரு கூட்டத்தில் அதைப் பேசுகிறேன். மன்னிப்பைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். கில்னியாஸ் மீட்புக்குத் துணை நின்றவர்களில், அந்நாட்டை அழித்த அதே ஃபர்சேகன் இனத்தாரும் இருந்தார்கள். மகனை இழந்த மன்னன் அவர்களோடு ஒரே களத்தில் நிற்கச் சம்மதித்தான். தோல் ஆலைகளில் வேலை செய்பவர்கள் நம் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அந்த வேலையால் அடுப்பெரியும் வீடுகளை எனக்குத் தெரியும்; அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆலையை மூடச் சொல்லி நான் இங்கே வரவில்லை. கழிவை எப்படிப் பிரிப்பது என்று தெரிந்த வேதியியலார் அந்த ஆலைகளிலேயே இருக்கிறார்கள். லார்டரானில் அந்த மருந்துக்கலவைக்காரர்களை அழைத்ததுபோல் அவர்களை அழைக்க வேண்டும், செலவை ஆலை முதலாளிகள் ஏற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஆகவே மாணவச் செல்வங்களே, மாமன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, வணிகர் சங்கத்தாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாலாற்றங்கரையில் உங்களுக்கு ஊரோ உறவோ இருந்தால், அங்குள்ள கிணற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, ஊர்ப் பெயர், கிணறு இருக்கும் இடம், பிடித்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, வரும் ஞாயிறு மாலைக்குள் இந்த நூலக வாசலில் கொண்டுவந்து கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு அந்தப் பாட்டில்களையும் மேசைமேல் வரிசையாக வைக்கப் போகிறோம். சித்தப்பா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நான் நேற்றே எடுத்துவந்துவிட்டேன். இதோ, மேசையின் இந்த ஓரத்தில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.