கொல்லைப்புறத்து முட்டை யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். கொல்லையில் வெள்ளையாக ஒரு முட்டை கிடந்தது, எந்தப் பறவையுடையது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அது எங்கே இருந்தது?

கிளி, புள்ளி ஆந்தை, மீன்கொத்தி, செம்போத்து, புறா ஆகிய எல்லாமே வெள்ளை முட்டைதான் இடுகின்றன. ஆகவே நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. பட்டுப்போன தென்னையின் பொந்தில் இருந்தால் கிளியையோ ஆந்தையையோ நினைக்கலாம். மண்கரையில் குடைந்த வளைக்குள் என்றால் மீன்கொத்தியை நினைக்கலாம். பத்துக் குச்சிகளைத் தாறுமாறாகப் போட்டுக் கூடென்று பேர் பண்ணிய இடத்தில் இரண்டே இரண்டு முட்டைகள் இருந்தால், ஐயமே வேண்டாம், அது புறா. சன்னல் இடுக்கில் சுண்டைக்காய் அளவில் ஒட்டிக்கொண்டிருப்பது பறவை முட்டையே அல்ல, பல்லி முட்டை. அதையும் ஒருவர் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

இடத்தைப் பார்த்த பிறகு நிறத்துக்கு வரலாம். நிறம் என்றாலே எனக்குத் தவிட்டுக்குருவிதான் நினைவுக்கு வரும். கூட்டமாகத் திரிந்து, சருகைப் புரட்டிக்கொண்டு, ஓயாமல் சலசலக்கும் அந்த மண்நிறப் பறவையின் முட்டை, புள்ளி ஒன்றுகூட இல்லாமல், பளபளவென்று ஆழ்ந்த நீலமாக இருக்கும். மைனாவின் முட்டையும் நீலந்தான். ஆனால் அது வெளிறிய நீலம், இருப்பதும் பொந்தில் அல்லது சுவர் ஓட்டையில். மறுபடியும் இடந்தான், பாருங்கள்.

எங்கள் வீட்டு எலுமிச்சையில் ஒருமுறை தவிட்டுக்குருவிக் கூடு ஒன்றில் நான்கு நீல முட்டைகளைக் கண்டேன். நான்கும் ஒரே தாயுடையவை என்று, அனுபவசாலி என்ற மிதப்பில், வீட்டாரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் சற்றே உருண்டையாக இருந்ததை என் கண் பார்த்தது, மனம் பொருட்படுத்தவில்லை. சில வாரங்கள் கழித்து, முதுகில் மங்கிய கருமையும் வயிற்றில் அழுக்கு வெள்ளையுமாக, தலையில் சிறு கொண்டையோடு ஒரு குஞ்சு கிளையில் உட்கார்ந்து வாயைப் பிளக்க, தவிட்டுக்குருவிகள் முறை வைத்து அதற்குப் புழு ஊட்டின. அது சுடலைக் குயிலின் பிள்ளை. சுடலைக் குயிலும் அக்காக்குயிலும் தவிட்டுக்குருவியின் கூட்டில் அதே நீலத்தில் முட்டையிட்டுப் போய்விடுபவை. வளர்க்கும் தாயே ஏமாறும் இடத்தில் நான் ஏமாந்தது பெரிதல்ல என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

புள்ளியுள்ள முட்டைகளை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. இளஞ்சிவப்புச் சாயலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் நெருங்கியிருந்தால் அது கொண்டைக்குருவி. வேப்பமரத்தடியில் பச்சை கலந்த வெளிர்நீலத்தில் பழுப்புப் புள்ளிகளோடு விழுந்து கிடந்தால் காகம். அதே சாயலில் சற்றுச் சிறிதாக இருந்தால், காகத்தின் கூட்டில் குயில் இட்டது. இவற்றைக் கையில் எடுக்காமலே பார்த்துவிடலாம். கூட்டைக் கலைப்பதையும் முட்டையைச் சேதப்படுத்துவதையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுவதாகவே கருதுகிறது. நன்றி, வணக்கம்.