இருபது வருடத்துக்குப் பிறகு மறுபடியும் பைக்: திருகோணமலையில் எதை எடுப்பது?

[காட்சி: உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை. தார் மேல் மணல் மேவிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு 150 சிசி பைக்.]

இந்தப் பைக்கின் விலையைக் கேட்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஏறி இருந்து, ஸ்டான்டை மடக்கி, காலால் உந்தி இந்த மணலில் பத்தடி பின்னுக்கு எடுங்கள். பிறகு இறங்கி நடு ஸ்டான்டில் தூக்கி நிறுத்துங்கள். இரண்டும் சிரமம் இல்லாமல் முடிந்தால் மேற்கொண்டு பேசலாம். முடியாவிட்டால் எவ்வளவு நல்ல பைக்காக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

கலியாணத்துக்கு முன் ஓடிவிட்டு, இப்போது 45, 50 வயதில் திரும்பி வருகிறவர்களுக்கான வீடியோ இது. கடைசியாக ஓடியது ஹொண்டாவின் ஒரு சி 90 ஆகவோ, எம்.டி. 90 ஆகவோ, சிடி 125 ஆகவோ இருக்கலாம். கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். முழங்காலும் இடுப்பும் கண்ணும்தான் மாறியிருக்கின்றன. திரும்பி வருகிறவர்கள் ஓட்டத்தில் விழுவதை விட, சந்தியில் நிற்கும்போதும், ஒழுங்கைக்குள் திருப்பும்போதும், சரிவில் நிறுத்தும்போதும் சரிந்து விழுவதுதான் கூட. அந்த நேரத்தில் உதவுவது சிசி இல்லை, சீற்றின் உயரமும் பைக்கின் பாரமும்தான்.

[காட்சி: மூன்று பைக்குகள் பக்கம் பக்கமாக. சீற்றின் உயரத்தை அளவு நாடா காட்டுகிறது.]

பஜாஜ் பல்சர் 150இன் சீற் 785 மில்லிமீற்றர், யமஹா எஃப்ஸி 790. கேட்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் அகலமான சீற் தொடையை விரித்துவிடும், கால் நிலத்துக்கு எட்டுவது குறையும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், வழக்கமாகப் போடும் செருப்போடோ சப்பாத்தோடோ ஏறி இருந்து பாருங்கள். ஒரு பாதம் முழுதாக நிலத்தில் பதிய வேண்டும், மற்றதன் முன்பாதியாவது ஊன்ற வேண்டும். கட்டையானவர்களுக்கு பழைய சுசுக்கி ஜிஎன் 125 நல்ல தெரிவு, சீற் நன்றாகப் பதிந்தது. ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350இல் ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அதன் சீற் 805 மில்லிமீற்றர், பாரம் சுமார் 195 கிலோ. பல்சர் 150ஐ விட ஏறக்குறைய 50 கிலோ கூட, ஒரு மூட்டை சீமெந்து அளவு. ஓடும்போது அந்தப் பாரம் தெரியாது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் நிறுத்தித் திருப்பும்போது தெரியும். முதல் வருடத்துக்கு அது வேண்டாம்.

ஹான்டிலைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். மணிக்கட்டு நோகிறதென்றால் ஹான்டில் தாழ்வாக இருக்கிறது, உடம்புப் பாரம் கையில் விழுகிறது. முழங்கால் இழுக்கிறதென்றால் கால் மிதி பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் வருகிற நோவு கந்தளாய் போய்ச் சேருவதற்குள் மூன்று மடங்காகும்.

இனி, எங்கே ஓடப் போகிறீர்கள்?

சந்தை, கச்சேரி, பாடசாலை, ஓர்ஸ் ஹில், மிஞ்சினால் நிலாவெளி என்றால் 100 முதல் 125 சிசி தாராளம். முழங்காலோ கிளச் பிடிக்கிற விரலோ பிரச்சினை தருகிறவர்கள் ஸ்கூட்டருக்கே போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கூட்டர் எடுக்கும்போது முதலில் சில்லைப் பாருங்கள். பழைய ஹொண்டா டியோவுக்கு முன்னும் பின்னும் 10 அங்குலச் சில்லு. குழியில் விழுந்தால் அந்தச் சின்னச் சில்லு உள்ளே இறங்கிவிடும், பெரிய சில்லு மேலால் ஏறிப் போகும். முன்சில்லு 12 அங்குலம் உள்ளதைத் தேடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிண்ணியாப் பாலம் போன்ற திறந்த இடத்தில் பாரம் குறைந்த ஸ்கூட்டரைப் பக்கக் காற்று தள்ளும். வேகத்தைக் குறைத்து, ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக வைத்திருங்கள். இறுக்கினால் உங்கள் கையின் நடுக்கமும் சில்லுக்குப் போகும்.

பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மூதூர், ஹொரவப்பொத்தானை என்று ஓடுகிறவர்களுக்கு 150 சிசி பொருந்தும். லொறியை முந்தும்போது கையில் கொஞ்சம் இழுவை மிச்சம் இருக்கும். இரண்டு பேர் போவதென்றால் பின் ஷொக் அப்சோபரின் வளையத்தை ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள், பின் ரயருக்கு செயின் கவரில் அல்லது பின்சில்லைத் தாங்கும் இரும்புக் கையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்னபடி காற்றைக் கூட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் பின்பக்கம் அமுங்கி முன்சில்லு இலேசாகும், வளைவில் பைக் சொல்வழி கேட்காது.

அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சிசி வரை மட்டும். அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். 110 சிசி ஸ்கூட்டரும் அந்த எல்லைக்கு மேலே என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

[காட்சி: முன்சில்லு நெருக்கத்தில். டிஸ்க், அதன் பக்கத்தில் துளையிட்ட வளையம்.]

பிறேக் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முன்னால் டிஸ்க் கட்டாயம் இருக்கட்டும். ஏபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. மணல் மேவிய தாரில் முன்சில்லு பூட்டிக்கொண்டால் ஒரு நொடிக்குள் கீழே கிடப்பீர்கள், ஏபிஎஸ் அந்தப் பூட்டைத் தடுக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் கட்டாயம். இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் பாவித்த பைக்குகளில் பெரும்பங்கு அதற்கு முன் வந்தவை, அவற்றுக்கு ஏபிஎஸ் இல்லை. விற்கிறவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காமல், முன்சில்லில் துளை போட்ட சின்ன வளையமும் அதற்கு வரும் வயரும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பழைய டிரம் பிறேக்கில் பழகிய கை முழுப்பிடியாக அமுக்கும். டிஸ்க்கில் அப்படிச் செய்யக் கூடாது. வெறும் மைதானத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில், இரண்டு விரலால் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக இறுக்கி நிறுத்திப் பழகுங்கள். இருபது தரமாவது செய்யுங்கள். கியரும் அப்படித்தான். எல்லாக் கியரையும் முன்னுக்கு மிதித்தே மாற்றிய கால், பல்சரிலும் எஃப்ஸியிலும் முதலாவதைக் கீழே மிதித்து மற்றதையெல்லாம் மேலே தூக்க வேண்டும். அவசரத்தில் பழைய பழக்கம் எழும்பும், கூட்ட நினைத்த கியர் குறைந்து பின்சில்லு இழுபடும்.

[காட்சி: பாவித்த பைக் ஒன்று. டோர்ச் வெளிச்சம் பெற்றோல் தாங்கிக்குள்.]

திருகோணமலையில் பாவித்த பைக் வாங்குவதென்றால் மீற்றரில் உள்ள கிலோமீற்றரை விட உப்பைத் தேடுங்கள். முன் ஃபோர்க் குழாயில் நகத்தால் மேலிருந்து கீழே உரசிப் பாருங்கள். சின்னச் சின்னக் குழி தட்டுப்பட்டால் அது ஒயில் சீலை அரித்துக்கொண்டே இருக்கும், புது சீல் போட்டாலும் நிற்காது. பெற்றோல் தாங்கிக்குள் துரு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பக்க ஸ்டான்ட் பொருத்தின இடம், சைலன்சரின் அடிப்பக்கம், வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா, எல்லாம் பாருங்கள். கடற்கரையோரம் நின்ற பைக் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் தின்றிருக்கும்.

போய் இறங்கியதும் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள். ஆறும் வரை இருந்து, குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்த பிறகே பேசுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. முன்சில்லைத் தூக்கி ஹான்டிலை மெல்லத் திருப்புங்கள், நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் பிடித்தால் தலைப் பெயாரிங் போய்விட்டது. செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்புரொக்கட்டின் பல் சுறாச் செட்டைபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயின் செற்றே மாற்ற வேண்டும், அதை விலையில் கழியுங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019இன் 35ஆம் வாரத்தில் செய்தது. ரயரின் பூ, அதாவது வரிப்பள்ளம், நிறைய இருந்தாலும் நம்மூர் வெயிலில் ஆறு வருடத்துக்கு மேற்பட்ட றப்பர் இறுகிவிடும், முதல் மழைக்கு வழுக்கும்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பைக்கில் அடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இருந்தால், அது நீங்காமல் முழுக்காசும் கொடுக்க வேண்டாம். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் விற்றவரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அப்படியே ஓடாதீர்கள். ஒரு விபத்து நடந்தால் பைக் யாருடையது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

அலுமாரிக்கு மேல் இருக்கும் பழைய ஹெல்மெட்டை எடுக்க வேண்டாம். உள்ளிருக்கும் நுரை வருடங்களில் இறுகிவிடும். இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள புதியதை, கண்ணாடி போட்டபடியே தலையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கிட்டப் பார்க்கவும் தூரப் பார்க்கவும் ஒரே கண்ணாடி பாவிக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கால் ஊன்றக் கீழே பார்க்கும்போது வாசிக்கிற பகுதி வழியாகத்தான் நிலம் தெரியும், கலங்கித் தெரியும். பைக்குக்கு என்று தூரம் மட்டும் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

[காட்சி: சீனக்குடா ரயில் கடவை. தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்கும் பைக்.]

முதல் இரண்டு மாதம் பகலில் மட்டும் ஓடுங்கள். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் நேர்குத்தாகக் கடவுங்கள், மழையில் அந்த இரும்பு ரயரைப் பக்கத்துக்கு இழுத்துவிடும். இரவில் தார் சூட்டுக்கு மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் பொழுது பட்ட பிறகு போகவே வேண்டாம், அது யானை இறங்குகிற பாதை.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவி விடுங்கள். அமுக்கிய பைப்பை சில்லு நடுவுக்குப் பிடிக்க வேண்டாம், பெயாரிங்குக்குள் தண்ணீர் போகும். காய்ந்த பிறகு பின்சில்லைக் கையால் சுற்றியபடி செயினின் உள்பக்கத்துக்கு ஒயில் விடுங்கள், கூடினதைத் துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் அடுத்த நாள் மணல் அதில் ஒட்டி அரம்போல அராவும். செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்: 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆடினால் சரி. அதற்கு மேல் ஆடினால் பின் அச்சை இளக்கி, இரண்டு பக்கத்துக் கோடும் ஒரே இடத்தில் நிற்கும்படி இறுக்குங்கள்.