லானை எடுத்துட்டு பொடுதலை போடலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. பெங்களூரு ஹொரமாவுல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. வீட்டு முன்னாடி 30க்கு 20 அடி, மெக்சிகன் புல். போர்ல தண்ணி இறங்கிப் போச்சு, பாதி புல் காய்ஞ்சிருச்சு, மீதியில கோரை ஏறிடுச்சு. "புல்லை எடுத்துட்டு பொடுதலை போடலாமா? வீட்டுக்காரர் வெடேலியா போடுங்கறார், அதுதான் சீக்கிரம் மூடுமாம். பசங்க ரெண்டு பேரும் அங்கேதான் விளையாடுவாங்க." பொடுதலை, வெடேலியா ரெண்டும் தரையில படர்ந்து மூடற செடி. பசங்க விஷயத்தை அவங்க போற போக்குல எழுதியிருக்காங்க. எனக்கு அதுதான் கேள்வியே.

எப்பவும் சொல்றதுதான், திரும்பவும் சொல்றேன். என்ன செடின்னு கேக்கறதுக்கு முன்னாடி, அந்த இடத்துல யாரு, எங்க, எத்தனை தடவை நடக்கறாங்கன்னு பாருங்க. புல்லுக்கு வளர்ற முனை தரையை ஒட்டி இருக்கு. மிதிச்சாலும் வெட்டினாலும் இலைதான் போகும், முனை தப்பிச்சுடும். பொடுதலை, பினட் கிராஸ் மாதிரி படர்ற கொடிக்கு முனை நுனியில இருக்கு, நேரா காலுக்கு அடியில. நாளைக்கு ரெண்டு தடவை நடந்து போனா தாங்கும். சாயங்காலம் பூரா பந்து விளையாடினா ஒரு மாசத்துல நடுவுல மண்ணு தெரியும்.

தண்ணிக் கணக்கைப் பாருங்க. 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்னா அது 1 லிட்டர். 600 சதுர அடின்னா ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஏப்ரல் வெயில்ல புல் பச்சையா இருக்கணும்னா நாளைக்கு 5 மில்லிமீட்டர் கேக்கும்னு வைங்க, 280 லிட்டர் ஆச்சு. நாலே நாள்ல ஆயிரம் லிட்டர் டேங்க் காலி. 2024 மார்ச்ல நம்ம ஊர் தண்ணி வாரியம், குடிநீரைத் தோட்டத்துக்கு ஊத்தினா 5000 ரூபாய் அபராதம்னு சொன்னது ஞாபகம் இருக்கும். அதனால அந்த அம்மா கவலைப்படறது நியாயம்தான். ஆனா 600 அடியையும் மாத்த வேண்டாம்.

பசங்க விளையாடற 250 சதுர அடியில புல்லே இருக்கட்டும். அதுவும் மெக்சிகன் புல் வேண்டாம், சாதா அருகம்புல் போடுங்க. மிதியும் தாங்கும், காய்ஞ்சாலும் ஒரு மழைக்குத் திரும்பிடும். கேட்ல இருந்து வாசப்படிக்குப் போற வழியில சாதரஹள்ளி கிரானைட் கல்லு, 2 இஞ்ச் மணல் மேல பதிக்கணும். ஒரு கல் நடுவுல இருந்து அடுத்த கல் நடுவுக்கு 2 அடி. மீதி 300 அடிதான் தரைமூடிச் செடிக்கு.

நல்ல வெயில் விழற பக்கம் பொடுதலை. நர்சரியில கேட்டா "அது களை சார்"னு சிரிப்பாங்க. ஏரிக்கரையில தானா கிடக்கும், பொடுகுக்குத் தேய்ப்பாங்களே அதேதான். ஒரு விஷயம், பூ விட்டா தேனீ நிறைய வரும். வெறுங்காலோட பசங்க ஓடற இடத்துல அது வேண்டாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இது. அரை நிழல்னா பினட் கிராஸ், மஞ்சப் பூ, சித்தாபுரா நர்சரிகள்ல கேட்டுப் பாருங்க. வேர்லயே நைட்ரஜனைப் பிடிச்சு வைக்கற ஜாதி, யூரியா போடாதீங்க. போர் தண்ணி உப்பா இருந்தா இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அது இரும்புச் சத்து கிடைக்காம வர்றது, தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்தாதீங்க. மாமரத்தடி மாதிரி முழு நிழல்னா மாண்டோ கிராஸ், புல் மாதிரி இலை விடற சின்னச் செடி. ஆமை வேகம், 4 இஞ்சுக்கு ஒண்ணு நடணும்.

இப்போ கோரை. கோரைக்கிழங்கு வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும், டில்லர், அதாவது மண்ணைக் கிளறற மெஷின், அதை மட்டும் விடாதீங்க. கீழே கிழங்கெல்லாம் சங்கிலியா கோத்திருக்கு. அறுத்து விட்டா ஒவ்வொரு துண்டும் தனியா முளைக்கும். புல்லை 2 இஞ்ச் ஆழத்துக்கு மண்வெட்டியால சீவி எடுத்துட்டு, வெறும் மண்ணுக்குத் தண்ணி விடுங்க. கோரை கிளம்பி அஞ்சு இலை விடறதுக்குள்ள கிழங்கோட தோண்டி எடுங்க. மூணு சுத்து இப்படி. இதுக்குப் பொறுமை இல்லாதவங்க தரைமூடிச் செடி பக்கமே போகக் கூடாது. படர்ந்த கொடிக்கு நடுவுல கோரை வந்தா பிடுங்க முடியாது.

அப்புறம் 6 இஞ்ச் கொத்தி, 2 இஞ்ச் மக்கின எரு. 300 அடிக்கு 50 கன அடி வரும். பழைய வீட்டை இடிச்ச கல்லும் சிமெண்டும் கிடந்தா பொறுக்கிடுங்க. பொடுதலை, பினட் கிராஸ்னா 5 இஞ்ச் நீளத்துக்குக் குச்சி வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி அரை அடிக்கு ஒண்ணு. சதுர அடிக்கு 4, மொத்தம் 1200 குச்சி. ஒரு அடி இடைவெளி விட்டா 300 குச்சி போதும், ஆனா மூடறதுக்குள்ள களை முந்திக்கும். அடியில களைத் துணி, பிளாஸ்டிக் ஷீட் விரிக்காதீங்க. கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டாத்தான் பாய் மாதிரி பிடிக்கும், துணி மேல வேர் எப்படி இறங்கும்? ஜூன்ல நட்டா செப்டம்பர், அக்டோபர் பெருமழை வரைக்கும் பெரும்பாலும் மழையே பாத்துக்கும்.

முதல் 3 மாசம் தண்ணி மிச்சம்னு எதிர்பார்க்காதீங்க. புல்லுக்கு ஊத்தற அளவு இதுக்கும் வேணும், மழை இல்லாத நாள்ல தினமும். வேர் இறங்கின பிறகுதான் பொடுதலைக்குக் கோடையில 4, 5 நாளைக்கு ஒரு தடவை போதும்.

வீட்டுக்காரர் கேட்ட வெடேலியா. சார், சீக்கிரம் மூடும், நிஜம். மூடிட்டு நிக்காது. உலகத்துல மோசமா பரவற 100 உயிரினங்கள் பட்டியல்ல அதுவும் ஒண்ணு. வெட்டிப் போட்ட துண்டு சாக்கடை ஓரம் விழுந்தாலும் வேர் விடும். நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணி இதோட சொந்தம், ஆனா வேற செடி. நர்சரியில மாத்திக் கொடுப்பாங்க, இலை மூணு மடலா பிரிஞ்சிருந்தா அது அமெரிக்காவுல இருந்து வந்த வெடேலியான்னு வெச்சு வேண்டாம்னு சொல்லிடுங்க.

பாம்பு வருமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. 3, 4 இஞ்ச் உயரத்துல வெட்டி வெச்சா ஒளிய இடமில்லை. மழையில உண்மையான தொல்லை ஆப்பிரிக்க நத்தைதான். ராத்திரி டார்ச் அடிச்சு, கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணி வாளியில போடுங்க. உப்பை நேரா செடி மேல தூவாதீங்க, மண்ணு கெட்டுப் போயிடும்.